இயந்திரத்தின் தொடுதிரையிலிருந்தே தரவுத்தளப் பதிவுகளைப் பார்க்கவும் திருத்தவும் முடியுமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். திருப்பூர் சாயப்பட்டறை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறீர்கள். சாஃப்ட்-ஃப்ளோ எனப்படும் சாயமேற்றும் இயந்திரங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு பி.எல்.சி.யும் (இயந்திரத்தை ஓட்டும் கட்டுப்பாட்டுக் கணினி) பத்து அங்குலத் தொடுதிரையும் (பேனல் என்பது இதுதான்) உண்டு. சாய ரெசிபிகளும் பழைய லாட் (ஒரே தடவையில் சாயமேற்றும் துணித் தொகுதி) விவரங்களும் ஆய்வகக் கணினியில், எஸ்.க்யூ.எல். சர்வர் தரவுத்தளத்தில் கிடக்கின்றன. ஷிப்ட் சூப்பர்வைசர் இயந்திரத்தடியில் நின்றபடியே லாட் எண்ணைத் தட்டி, பழைய பதிவைப் பார்த்து, வேண்டிய இடத்தில் திருத்திச் சேமிக்க வேண்டும். விற்பனையாளர் ஒருவர் புது மென்பொருள் இல்லாமல் நடக்காது என்கிறார். உங்கள் நண்பர், பேனலிலேயே நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினால் போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

இருவரிடமும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. திரை தரவுத்தளத்தோடு பேச முடியுமா என்பது ஒன்று. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்று ஒருவர் எந்தப் பதிவை, எந்த நேரத்தில் மாற்றலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விடை எளிது. ஆலைக் கட்டுப்பாட்டு வேலையில் நெடுங்காலம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்த மாதிரித் திட்டங்கள் சிக்கிக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியில்தான். அதை யாரும் தொடக்கத்தில் கேட்பதில்லை.

எளிதானதை முதலில் முடித்துவிடுவோம். திரையிலிருந்து தரவுத்தளத்துக்கு மூன்று வழிகள் உண்டு. பேனலே நேராகப் பேசுவது முதல் வழி. வெயின்டெக்கின் சி.எம்.டி. வரிசைப் பேனல்களில் மைஎஸ்க்யூஎல், எஸ்.க்யூ.எல். சர்வர் ஆகியவற்றோடு இணையும் வசதி உள்ளேயே இருக்கிறது. விண்டோஸில் ஓடும் பேனல் கணினி என்றால் ஸ்கிரிப்ட் மூலம் இணைக்கலாம். உங்கள் நண்பர் சொன்னது இந்த வகை. இரண்டாவது வழியில் பி.எல்.சி.யே பேசும், எஸ்7-1200, எஸ்7-1500 என்ற தன் பி.எல்.சி. வகைகளிலிருந்து மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வரை நேராக அழைக்க சீமென்ஸ் ஒரு நிரல் நூலகம் வெளியிட்டிருக்கிறது. மூன்றாவதில், நடுவே ஒரு கணினி இருக்கும். அது ஒரு பக்கம் ஓ.பி.சி. யு.ஏ. அல்லது மோட்பஸ் டி.சி.பி. என்ற தொடர்பு நெறி வழியே பி.எல்.சி.யோடும், மறுபக்கம் தரவுத்தளத்தோடும் பேசும். இக்னிஷன் போன்ற மென்பொருள்கள் இந்த இனம். அங்கே பேனல் வெறும் காட்சிக் கண்ணாடி. தரவுத்தளக் கேள்விகள் எல்லாம் நடுக் கணினியிலிருந்துதான் போகும்.

உங்கள் பேனலின் மாதிரி எண்ணை நீங்கள் எழுதவில்லை. ஆகவே முதல் வழி உங்களிடம் நடக்குமா என்று என்னால் சொல்ல முடியாது. பழைய, விலை குறைந்த பேனல்களில் ரெசிபி என்ற வசதி இருந்தாலும் அது பேனலின் சொந்த நினைவகத்தோடு முடிந்துவிடும், மிஞ்சினால் யு.எஸ்.பி. குச்சியில் ஒரு சி.எஸ்.வி. கோப்பு எடுக்கலாம். அப்படிப்பட்ட பேனல் என்றால் விற்பனையாளர் சொன்னது உங்கள் வரைக்கும் சரி. எதையும் முடிவு செய்வதற்கு முன் பேனலின் பின்பக்கத் தகட்டைப் படித்து, அந்த மாதிரிக்கான கையேட்டில் தரவுத்தள இணைப்பு பற்றிய பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். விற்பனையாளரின் வாய்மொழியைவிட அது நம்பகமானது.

என் தேர்வு மூன்றாவது வழி. காரணம் சாதாரணமானது: பேனல் ஒவ்வொன்றிலும் தரவுத்தளக் கடவுச்சொல்லை எழுதி வைத்தால், அதை மாற்ற வேண்டிய நாளில் எல்லாப் பேனல்களையும் திறந்து மறுபடி ஏற்ற வேண்டும். அதனால் யாரும் அதை மாற்றுவதே இல்லை. 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு பரவுவதற்குப் பயன்படுத்திய வழிகளில் ஒன்று, சீமென்ஸின் வின்சிசி மென்பொருளில் நிரலுக்குள்ளேயே பதிந்திருந்த தரவுத்தளக் கடவுச்சொல். நடுக் கணினி ஒன்று இருந்தால் கடவுச்சொல் ஓரிடத்தில் இருக்கும். தரவுத்தளம் வேறு கணினிக்கு மாறினாலும் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எஸ்.க்யூ.எல். சர்வரின் வழக்கமான 1433 என்ற பிணைய வாயிலை (போர்ட்) அந்த ஒரு கணினிக்கு மட்டும் திறந்துவிட்டு மற்றவற்றுக்கு அடைத்துவிடலாம். இதற்கு ஒரு விலையும் உண்டு. ஞாயிறு இரவு அந்தக் கணினி நின்றுபோனால் எல்லா இயந்திரங்களிலும் திரை வெறுமையாகிவிடும். அதை எழுப்பத் தெரிந்த ஆள் அந்நேரம் பட்டறையில் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு இயந்திரங்கள்தான், பார்க்க மட்டும்தான் என்றால் நேரடிப் பேனல் இணைப்பே போதும் என்பேன்.

பார்ப்பதைப் பற்றிக் கொஞ்சம். மேசைக் கணினியில் எழுதிப் பழகியவர்கள் முதலில் செய்வது, அட்டவணை முழுவதையும் இழுத்துவந்து திரையில் கொட்டி, விரலால் தள்ளிப் பார்க்கச் சொல்வது. பதிவுகள் ஆயிரக்கணக்கில் பெருகியதும் பேனல் மூச்சு வாங்கும். ஒரு பக்கத்துக்கு எட்டோ பத்தோ வரிசைகள், புதியது மேலே, 'முந்தையவை' என்று ஒரு பொத்தான், அவ்வளவு போதும். அடுத்த பக்கம் கேட்கும்போது 'இத்தனை வரிசைகளைத் தாண்டு' என்று கேட்பதைவிட 'கடைசியாகக் காட்டிய லாட்டுக்கு முந்தையவை' என்று கேட்பது நல்லது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆய்வகத்தில் புது லாட் ஒன்று ஏறினால், முதல் முறையில் ஒரு வரிசை இரண்டு முறை வரும். இரண்டாவதில் அந்தக் குழப்பம் இல்லை.

தேடும்போது சூப்பர்வைசர் முழு லாட் எண்ணையும் தட்ட மாட்டார். கடைசி நாலு இலக்கத்தைத்தான் தட்டுவார், ஏனென்றால் துணி வண்டியில் சாக்பீஸால் பெரிதாக எழுதியிருப்பது அதுதான். இங்கே ஒரு பொறி இருக்கிறது. 'இப்படி முடிகிற எண்' என்று தேடினால் தரவுத்தளத்தின் இண்டெக்ஸ், அதாவது விரைவாகத் தேட உதவும் அகரவரிசை போன்ற பட்டியல், உதவாது. ஒவ்வொரு வரிசையாகப் படித்துப் பார்க்கும். கடைசி நாலு இலக்கத்தைத் தனி நெடுவரிசையாக வைத்து, அதற்கு இண்டெக்ஸ் போட்டுவிடுங்கள். லாட் அட்டையில் பார்கோடு அச்சிட முடிந்தால் இன்னும் நல்லது, தட்டச்சே வேண்டியதில்லை.

வரிசையின் உயரம் ஒரு சென்டிமீட்டருக்குக் குறைய வேண்டாம். சாயப்பட்டறையில் கை ஈரமாக இருக்கும், ரப்பர் கையுறை இருக்கும். அழுத்தத்தை உணரும் பழைய ரெசிஸ்டிவ் திரை கையுறையோடும் வேலை செய்யும். கைபேசியில் இருப்பது போன்ற கெப்பாசிட்டிவ் திரையில் நீர்த்துளி விழுந்தாலே சில சமயம் தானாகத் தொட்டதுபோல் ஆகும். பார்க்க மட்டும் பயன்படும் திரையில் இது தொல்லை. திருத்தும் திரையில் ஆபத்து. ஆகவே சேமிக்கும் பொத்தானை ஒரே தொடுதலில் இயங்க விடாதீர்கள்.

பார்க்கும் திரையில் பலரும் கோட்டை விடுவது ஒன்று உண்டு. 'அப்படி ஒரு லாட் இல்லை' என்பதும் 'தரவுத்தளத்தோடு தொடர்பு இல்லை' என்பதும் வெறும் காலிப் பட்டியலாகவே தெரியும். கேபிள் அறுந்திருக்கும், சூப்பர்வைசரோ ஆய்வகத்தில் ஏற்ற மறந்துவிட்டார்கள் என்று நினைத்து, அதே லாட்டைப் புதிதாகத் தட்டிச் சேர்ப்பார். இரண்டு நிலைகளையும் வேறு வேறு வாசகத்தோடு, வேறு வேறு நிறத்தில் காட்டுங்கள். பட்டியல் எத்தனை மணிக்கு எடுக்கப்பட்டது என்பதையும் ஓரத்தில் போடுங்கள். அரை மணிக்கு முந்தைய பட்டியலை இப்போதையது என்று நம்பித் தொடங்கிய லாட்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இனித் திருத்துவது. இங்கேதான் நான் சற்று நிற்க வேண்டும்.

'ரெசிபி' என்று பட்டறையில் ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் மூன்று தனித்தனிப் பொருள்கள். ஆய்வகம் ஒப்புக்கொண்ட ஷேடுக்கான மூல ரெசிபி ஒன்று. இன்ன லாட்டுக்கு, இத்தனை கிலோ துணிக்கு, இன்ன இயந்திரத்துக்கு என்று அதிலிருந்து கணக்கிட்டு எடுத்த நகல் ஒன்று. அந்த லாட்டில் உண்மையிலேயே என்ன போட்டார்கள், எந்த வெப்பநிலையில் எவ்வளவு நேரம் ஓடியது என்ற நடப்புப் பதிவு ஒன்று. பேட்ச் முறை, அதாவது தொகுதி தொகுதியாகச் செய்யும் உற்பத்திக்கான ஐ.எஸ்.ஏ.-88 தரநிலை 1995-இலேயே இந்தப் பிரிவினையைச் செய்திருக்கிறது. மூல ரெசிபியை மாஸ்டர் ரெசிபி என்றும், லாட்டுக்கான நகலைக் கண்ட்ரோல் ரெசிபி என்றும் அது அழைக்கிறது. உங்கள் தரவுத்தளத்தில் இந்த மூன்றும் ஒரே அட்டவணையில் இருந்தால், அதன் மேல் எவ்வளவு அழகான திரை வைத்தாலும் குழப்பம்தான் மிஞ்சும்.

கணக்கோடு பார்ப்போம். 400 கிலோ பருத்தி, துணி எடையில் 1.8 சதவீதம் ரியாக்டிவ் சாயம்: 7.2 கிலோ. ஷேடு கொஞ்சம் வெளிறி வந்தது. டையிங் மாஸ்டர் 0.1 சதவீதம், அதாவது 400 கிராம், டாப்பிங் (மேற்கொண்டு சேர்க்கும் சாயம்) போடச் சொல்கிறார். சூப்பர்வைசர் திரையைத் திறந்து 1.8-ஐ 1.9 ஆக்கிச் சேமித்துவிடுகிறார். அடுத்த மாதம் அதே பார்ட்டியின் அதே ஷேடு வருகிறது, 1.9-இல் தொடங்குகிறார்கள், அடர்ந்து போகிறது. ஏனென்றால் முதல் லாட் வெளிறியதற்குக் காரணம் துணி சரியாக வெளுக்காததாக இருக்கலாம், நீரின் அளவு கூடியதாக இருக்கலாம். ரெசிபியில் தவறே இல்லாமல் இருக்கலாம். இப்போது ஆய்வகத்துக்கு அதைக் கண்டுபிடிக்க வழியில்லை, பழைய 1.8 அழிந்துவிட்டது. கணக்குப்பிள்ளை பேரேட்டில் பழைய வரியை அடித்துத் திருத்தாமல் எதிர்ப்பதிவு போடுவதைப் போல, டாப்பிங்கை அந்த லாட்டின் நடப்புப் பதிவில் தனி வரியாகச் சேர்க்க வேண்டும். மூல ரெசிபியைத் தொடவே கூடாது.

உப்பிலும் இதே கதை. நீர்-துணி விகிதம் 6:1 என்றால் 400 கிலோவுக்கு 2,400 லிட்டர். லிட்டருக்கு 50 கிராம் என்றால் 120 கிலோ உப்பு. ஆனால் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாத முறைக்குத் திருப்பூர் மாறியது. மீட்டெடுத்த உப்புக் கரைசலையே மறுபடி பயன்படுத்துகிறார்கள். அதன் அடர்த்தி நாளுக்கு நாள் மாறும். ரெசிபியில் 120 கிலோ என்று இருந்தாலும் தொட்டியில் போடும் புது உப்பு வேறாக இருக்கும். இந்த வேறுபாடு நடப்புப் பதிவுக்கு உரியது. மூல ரெசிபியில் கை வைக்க இது காரணம் ஆகாது.

எனவே திரையில் மூன்று வகை உரிமை வேண்டும். மூல ரெசிபி: பார்க்க மட்டும், தவறு கண்டால் 'மாற்றக் கோரிக்கை' ஒன்றை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். லாட் நகல்: இயந்திரம் தொடங்கும் வரை திருத்தலாம், தொடங்கிய பின் பூட்டிவிட வேண்டும். நடப்புப் பதிவு: சேர்க்கலாம், அழிக்க முடியாது. இந்த ஒன்றை உறுதி செய்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திருத்தும் முறைக்கு வருகிறேன். அட்டவணையின் கட்டத்திலேயே தொட்டு மாற்ற விடாதீர்கள். ஒரு வரிசையைத் தேர்ந்தால் அது தனித் திரையில், தற்காலிக நகலாகத் திறக்கட்டும். சேமிக்கும் முன் பழைய மதிப்பும் புதிய மதிப்பும் பக்கத்துப் பக்கத்தில் தெரிய வேண்டும். சேமிக்கும் நொடியில் இன்னொரு கேள்வி எழுகிறது: நீங்கள் திறந்து வைத்திருந்த நேரத்தில் ஆய்வகத்தில் யாராவது அதே பதிவை மாற்றிவிட்டார்களா? திறந்ததும் பதிவைப் பூட்டிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். சூப்பர்வைசர் திரையைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவார். ஆய்வகம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாறாக ஒவ்வொரு வரிசையிலும் பதிப்பு எண் என்று ஒரு முழு எண் வையுங்கள். சேமிக்கும் கட்டளை, 'இந்த லாட், இந்தப் பதிப்பு எண்ணாகவே இருந்தால் மட்டும் மாற்று, எண்ணை ஒன்று கூட்டு' என்று இருக்கட்டும். எத்தனை வரிசை மாறியது என்ற விடை பூஜ்யம் என்றால் வேறு யாரோ முந்திவிட்டார்கள். புதிய பதிவைக் காட்டி மறுபடி கேளுங்கள். எஸ்.க்யூ.எல். சர்வரில் இதற்கென்றே 'ரோவெர்ஷன்' என்ற எட்டு பைட் வகை உண்டு. ஆனால் பல பேனல்களுக்கு அந்த வகையைக் கையாளத் தெரியாது. சாதாரண முழு எண் பாதுகாப்பானது.

மதிப்புகளின் எல்லை பற்றி ஒரு பொது நிகழ்வைச் சொல்கிறேன். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்து ஓல்ட்ஸ்மார் நகரக் குடிநீர் நிலையத்தில், சோடியம் ஹைட்ராக்சைடின் அளவு திரையில் 100 பி.பி.எம்.-இலிருந்து (பத்து லட்சத்தில் நூறு பங்கு) 11,100 பி.பி.எம்.-ஆக மாற்றப்பட்டது. பார்த்துக்கொண்டிருந்த ஆபரேட்டர் உடனே பழைய அளவுக்குத் திருப்பிவிட்டார். வெளியாள் ஊடுருவினார் என்று அப்போது அறிவித்தார்கள். பிறகு 2023-இல், சம்பவத்தின்போது நகர மேலாளராக இருந்தவரே அது ஊழியரின் கைப்பிழையாக இருக்கலாம் என்று சொன்னார். எது உண்மை என்பது இன்றும் விவாதத்துக்குரியது. நமக்கு வேண்டிய செய்தியில் விவாதம் இல்லை: நூறு மடங்குக்கு மேலான ஓர் எண்ணை அந்தத் திரை ஏற்றுக்கொண்டது.

எல்லையை மூன்று இடங்களில் வையுங்கள். திரையில் வைப்பது ஆபரேட்டருக்கு உதவி, தரவுத்தளத்தில் 'செக்' கட்டுப்பாடாக வைப்பது, வேறு வழியில் வரும் எண்ணுக்குத் தடை, பி.எல்.சி.யில் வைப்பது இறுதி வேலி. பி.எல்.சி. எல்லை மீறிய எண்ணைச் சத்தமில்லாமல் குறைத்து ஓட்டக்கூடாது. ரெசிபியையே மறுத்து, எந்த எண் என்று சொல்ல வேண்டும். குறைத்து ஓட்டினால் திரையில் ஒன்றும் தொட்டியில் ஒன்றும் இருக்கும். இதற்கு மேல் ஒப்பீட்டு எல்லை ஒன்றும் நான் வைப்பது வழக்கம்: பழைய மதிப்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மாறினால் டையிங் மாஸ்டர் தன் அடையாள அட்டையைக் காட்டி ஒப்புதல் தரவும் வேண்டும். 1.8 என்று தட்டப்போய்ப் புள்ளி விழாமல் 18 ஆவதை இது பிடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு என்பது எந்தத் தரநிலையிலும் இல்லை, என் கணிப்பு. உங்கள் மாஸ்டரோடு பேசி மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்களின் வகையும் சதி செய்யும். பி.எல்.சி.யில் தசம எண்களுக்கான 'ரியல்' வகைக்கு ஏறக்குறைய ஏழு இலக்கத் துல்லியம்தான். லாட் எண்ணை அதில் வைத்தால் 1,67,77,216-ஐத் தாண்டியதும் அடுத்தடுத்த எண்கள் ஒன்றாகிவிடும். வேறொருவர் லாட் திறக்கும். லாட் எண்ணை எழுத்துச் சரமாக வையுங்கள், முன்னால் வரும் பூஜ்யங்களும் தப்பிக்கும். இன்னொன்று: தரவுத்தளத்தில் ஒரு கட்டம் காலியாக, அதாவது 'நல்' என்று இருந்தால், பேனலுக்கு வரும்போது அது பூஜ்யமாகத் தெரியும். சூப்பர்வைசர் வேறு ஏதோ கட்டத்தைத் திருத்திச் சேமிப்பார். காலியாக இருந்ததெல்லாம் பூஜ்யமாகப் பதிந்துவிடும். 'இன்னும் அளக்கவில்லை' என்பது 'அளந்தோம், ஒன்றுமில்லை' என்று மாறிவிடுகிறது. பி.எச். அளவில் இது எவ்வளவு அபத்தம் என்று உங்களுக்கே தெரியும். தொட்ட நெடுவரிசைகளை மட்டும் எழுதுங்கள்.

தரவுத்தளத்தில் சேமித்துவிட்டால் இயந்திரத்துக்குப் போய்விட்டது என்று பொருள் இல்லை. பி.எல்.சி.யில் ரெசிபிக்கு இரண்டு இடம் ஒதுக்குங்கள்: வந்து இறங்கும் இடம் ஒன்று, ஓடும் இடம் ஒன்று. நடுக் கணினி எல்லா மதிப்புகளையும் முதல் இடத்தில் எழுதி, கடைசியாகக் கோரிக்கை எண்ணை எழுதும். பி.எல்.சி. எல்லைகளைச் சரிபார்த்து, இயந்திரம் சும்மா இருந்தால் மட்டும் ஒரே சுற்றில் ஓடும் இடத்துக்கு நகலெடுத்து, அதே எண்ணை ஒப்புதலாகத் திருப்பும். ஒப்புதல் வந்த பிறகே திரை 'ஏற்றப்பட்டது' என்று காட்டலாம். ஒரு பிட்டை எழுப்பி, இரண்டு நொடி கழித்து இறக்கிவிட்டு, போயிருக்கும் என்று நம்பும் நிரல்கள் ஏராளம். கேபிள் நன்றாக இருக்கும் வரை அவையும் ஓடும். கோரிக்கை எண் இன்னொரு வகையிலும் உதவும். ஒப்புதல் வரும் வழியில் தொடர்பு அறுந்தால் சூப்பர்வைசர் மறுபடி அழுத்துவார். தரவுத்தளத்தில் கோரிக்கை எண் இரண்டு முறை வரக்கூடாது என்று விதி இருந்தால், 400 கிராம் டாப்பிங் 800 கிராமாகப் பதியாது.

யார் மாற்றினார் என்பதற்கு, பேனலின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிய பொதுக் கடவுச்சொல் எந்த விடையும் தராது. வருகைப் பதிவுக்கு ஏற்கெனவே அட்டை இருந்தால் அதையே படிக்கும் கருவி ஒன்றைப் பேனல் பக்கத்தில் வையுங்கள். மருந்து ஆலைகளில் அமெரிக்காவின் 21 சி.எஃப்.ஆர். பகுதி 11 போன்ற விதிகள் மின்னணுப் பதிவின் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தடம் கேட்கின்றன. உங்களை அந்த விதி கட்டுப்படுத்தாது. ஆனாலும் யார், எப்போது, எதிலிருந்து எதற்கு என்ற நான்கும் உங்களுக்கும் தேவைதான். எஸ்.க்யூ.எல். சர்வர் 2016 முதல் பழைய வரிசைகளைத் தானே சேர்த்து வைக்கும் 'டெம்போரல்' அட்டவணை இருக்கிறது. அது எப்போது, என்ன என்பதைத்தான் சொல்லும். யார் என்பதைச் சொல்லாது. எல்லாப் பேனல்களும் ஒரே தரவுத்தளக் கணக்கில் நுழைவதால் சர்வருக்கு ஆளைத் தெரிய வழியில்லை. அட்டை எண்ணை ஒவ்வொரு கட்டளையோடும் நீங்கள்தான் அனுப்ப வேண்டும். நேரத்தைப் பேனல் கடிகாரத்திலிருந்து எடுக்காதீர்கள். பேட்டரி போன பேனல் ஏதோ ஒரு பழைய வருடத்தில் நின்றுகொண்டிருக்கும். சர்வரின் நேரமே கணக்கு.

நடுக் கணினி பயன்படுத்தும் கணக்குக்கு அட்டவணைகளில் நேரடி உரிமை எதுவும் கொடுக்காமல், குறிப்பிட்ட ஸ்டோர்டு புரொசீஜர்களை (தரவுத்தளத்துக்குள் முன்பே எழுதி வைத்த நிரல்கள்) ஓட்டும் உரிமை மட்டும் கொடுங்கள். முழு அதிகாரமும் உள்ள 'எஸ்.ஏ.' கணக்கை இதற்குப் பயன்படுத்தச் சொல்பவர் எவ்வளவு அனுபவசாலியானாலும் கேட்காதீர்கள். திரையில் தட்டிய எழுத்துகளைக் கட்டளை வரியோடு ஒட்டி அனுப்பாமல் பாராமீட்டராக, அதாவது கட்டளையிலிருந்து பிரித்த தனி மதிப்பாக, அனுப்ப வேண்டும். இது திருடர்களுக்காக மட்டுமில்லை. பார்ட்டி பெயரில் ஒரு மேற்கோள் குறி இருந்தாலே ஒட்டிய கட்டளை உடைந்துவிடும்.

திரையில் தமிழ் வேண்டும் என்று ஓரிடத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள், நல்லது. குறிப்புகளைத் தமிழில் படிக்கும் ஆபரேட்டர்தான் அதிகம். நெடுவரிசை, எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் 'என்வார்சார்' வகையாக இருக்கட்டும், இல்லையேல் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். யு.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல்லுக்கே பதினைந்து பைட் ஆகிறது. பி.எல்.சி.யின் எழுத்துச் சரத்தில் அது சீக்கிரம் நிரம்பிவிடும். ஆகவே தமிழ்க் குறிப்புகளைப் பி.எல்.சி. வழியாகக் கொண்டுபோகாமல் தரவுத்தளத்திலிருந்து நேராகத் திரைக்குக் கொண்டுவாருங்கள். பேனலை வாங்கும் முன் 'கொ', 'பௌ', 'ஸ்ரீ' மூன்றையும் அதில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள். கொம்பும் காலும் பிரிந்து நின்றால் அந்தப் பேனலின் எழுத்து எந்திரத்துக்குத் தமிழ் தெரியாது. பிறகு சரிசெய்து தருவதாகச் சொல்வதை நம்ப வேண்டாம்.

இதையெல்லாம் ஒரே மூச்சில் செய்யச் சொல்லவில்லை. ஓர் இயந்திரத்தில், பார்க்கும் திரையை மட்டும் முதலில் வையுங்கள். அதனோடு 'இதில் திருத்தம் வேண்டும்' என்று ஒரு பொத்தான். அழுத்தினால் எந்தக் கட்டம் என்று மட்டும் பதியட்டும், எதையும் மாற்ற வேண்டாம். சில வாரங்களில் அந்தப் பட்டியலைப் பாருங்கள். இருபது கட்டங்களும் திருத்தத்தக்கவையாக இருக்க வேண்டும் என்று அலுவலகம் நினைத்திருக்கும். உண்மையில் துணி எடை, இயந்திர எண், டாப்பிங் அளவு என்று இரண்டு மூன்றுக்குள்தான் தேவை நிற்கும் என்பது என் அனுபவம். அவற்றுக்கு மட்டும் உரிமை கொடுங்கள். மற்றதெல்லாம் ஆய்வகத்திலேயே இருக்கட்டும்.

கடைசியாக, இயந்திரத்தைச் செய்த நிறுவனத்திடம் ஒன்றைக் கேட்டாக வேண்டும். பி.எல்.சி. நிரலில் ரெசிபி எந்த முகவரிகளில், எந்த வரிசையில், எந்த அலகில் இருக்கிறது என்ற பட்டியல். பல இயந்திரங்களில் நிரல் கடவுச்சொல்லால் பூட்டியிருக்கும்; வெளியிலிருந்து ரெசிபியை ஏற்க அவர்கள் வழி வைத்திருக்கிறார்களா என்பதும் அவர்களுக்கு மட்டுமே தெரியும். எழுத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். யாரோ ஊகித்துக் கண்டுபிடித்த முகவரியில் எழுதுவது, 130 டிகிரியில் அழுத்தத்தோடு ஓடும் பாலியெஸ்டர் இயந்திரத்தில் விளையாடுகிற காரியம். பட்டியல் கிடைக்காவிட்டால், திரையில் தரவுத்தளப் பதிவைக் காட்டுவதோடு நிறுத்திக்கொண்டு, எண்களை இப்போது போலவே சூப்பர்வைசர் கையால் ஏற்றட்டும். ஏற்றிய எண்களைப் பி.எல்.சி.யிலிருந்து படிக்க மட்டும் அனுமதி வாங்கி, ரெசிபியோடு ஒப்பிட்டு வேறுபாட்டைச் சிவப்பில் காட்டினால் அதுவே பெரிய உதவி. பேனல், பி.எல்.சி. இரண்டின் மாதிரி எண்களையும் இங்கே எழுதினால், எந்த வழி உங்களிடம் நடக்கும் என்பதை இன்னும் திட்டமாகச் சொல்ல முயல்கிறேன்.